கணனிப் பக்கம்: கோர் கூடினால் வேகம் கூடுமா?



"பிள்ளைகள் படிக்கும் கணனி மெதுவாக ஓடுகிறது. எட்டுக் கோர் உள்ள புறொசசர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?" வந்து குடியேறி ஓரிரு வருடங்களே ஆன குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. வாடகை கட்டி, குளிருக்கு உடுப்பு வாங்கி, ஊருக்கும் அனுப்பிய பின் மிஞ்சும் காசில் செய்யவேண்டிய செலவு என்பதால், ஆறுதலாகப் பார்ப்போம்.

கோர் என்பது புறொசசருக்குள் தனியாக நின்று கணக்குச் செய்யும் ஒரு பகுதி. முன்பெல்லாம் வீட்டுக் கணனியின் புறொசசரில் ஒரு கோர்தான் இருந்தது. வருடாவருடம் அதன் வேகத்தைக் கூட்டி விற்றார்கள். 2004இல் இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் 4, 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை ஏறி, சூட்டினால் அதோடு நின்றுவிட்டது. 4 கிகாஹேர்ட்ஸில் வரவிருந்ததை அந்த வருடமே கைவிட்டார்கள். 2005இல் இன்ரெலும் ஏ.எம்.டி.யும் இரண்டு கோர் உள்ளவற்றை வீட்டுக் கணனிகளுக்குக் கொண்டுவந்தன. ஒரு ஆளை இன்னும் விரைவாக ஓடவைக்க முடியாமற் போகவே, ஆட்களின் தொகையைக் கூட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா வேலையையும் ஆட்களுக்குப் பங்கிட முடியாதே! கலியாண வீட்டில் மரக்கறி வெட்டப் பத்துப் பேர் வந்தால் வேலை சுருக்காக முடியும். உலையில் அரிசி வேகிற நேரம் மாத்திரம் எத்தனை பேர் சுற்றி நின்றாலும் குறையாது. ஜீன் அம்டால் என்ற கணனிப் பொறியியலாளர் 1967இல் எடுத்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு கோர் செய்ய 60 நிமிடம் எடுக்கும் வேலையில் பாதியைத்தான் பங்கிடலாம் என்று வைப்போம். நாலு கோர் இருந்தால் 37½ நிமிடம். எட்டு என்றால் ஏறத்தாழ 34. பதினாறு என்றாலும் ஏறத்தாழ 32 நிமிடம். நாலிலிருந்து பதினாறுக்குப் போகக் கொடுத்த காசுக்குக் கிடைத்தது ஐந்தரை நிமிடம்!

கலியாண வீடியோவைத் தொகுத்துக் கோப்பாக மாற்றுவது, முப்பரிமாணப் படம் வரைவது போன்றவை நன்றாகப் பங்கிடக்கூடிய வேலைகள். அதைத் தொழிலாகச் செய்பவர் தயங்காமல் கூடிய கோர் வாங்கலாம். கடிதம் எழுதுவதற்கும், பள்ளிப் பாடத்துக்கும், ஊரில் உள்ளவர்களுடன் முகம் பார்த்துக் கதைப்பதற்கும் பதினாறு கோர் தேவையில்லை.

காசு கொடுக்க முன்னர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கணனி இழுபடும் நேரத்தில் கொன்ரோல், ஷிப்ற், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். விண்டோஸின் ராஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்போமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். சி.பி.யு. 100 வீதத்தில் நின்றால் கோர் கூட்டுவதால் பலன் இருக்கலாம். நாலு கோர் கணனியில் அது 25 வீதத்தைச் சுற்றியே நின்றால், அநேகமாக ஒரு கோருக்குரிய வேலைதான் நடக்கிறது. மற்றவை சும்மா நிற்கின்றன. அப்போது தேவை கூடிய கோர் அல்ல, ஒவ்வொன்றும் வேகமான கோர். டிஸ்க் 100 வீதம் என்று காட்டினால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். மெமரி நிரம்பியிருந்தால் றாம் கூட்டுங்கள். நான் பார்த்த பழைய கணனிகளில் பெரும்பாலும் குற்றம் இந்த இரண்டிலும்தான்.

புறொசசர்தான் காரணம் என்று தெரிந்தாலும், உங்கள் மதர்போட் அதை ஏற்குமா என்று பார்க்கவேண்டும். 2017இல் வந்த இன்ரெல் கோர் ஐ5-7400இல் நாலு கோர். அதே வருடக் கடைசியில் வந்த ஐ5-8400இல் ஆறு. இரண்டும் 1151 தொடுமுனை உள்ள சொக்கற்றில்தான் இருக்கின்றன, ஆனாலும் முன்னதற்குரிய போட்டில் பின்னது ஓடாது. தெரியாமல் வாங்கினால் போட்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டிவரும்.

ஏ.எம்.டி. இதில் கொஞ்சம் தாராளம். 2017இல் வந்த ரைஸன் 3 1200 என்ற நாலு கோர் உள்ள கணனியை வைத்திருப்பவர், அதே ஏ.எம்.4 போட்டில் 2022இல் வந்த ரைஸன் 5 5600ஐப் பெரும்பாலும் போடலாம். ஆறு கோர், ஒவ்வொன்றும் பழையதைவிட வேகம், மின்சாரத் தேவையிலும் இரண்டும் 65 வாற் வகைதான். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு ஏற்றவை என்று மைக்ரோசொவ்ற் தரும் பட்டியலில் 1200 இல்லை, 5600 இருக்கிறது. ஆகவே இந்த மாற்றத்தை நான் தயங்காமல் சொல்வேன்.

போட் செய்த நிறுவனத்தின் ஏற்புப் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பழைய புறொசசரைக் கழற்ற முன்னரே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பின்னர் என்றால் திரை எழும்பாமலே போகலாம்; திரும்பப் பழையதைப் பூட்டித்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும்.