கட்டாயக் கட்டங்கள்

பெங்களூரிலோ புனேயிலோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் உறவினர் யாராவது உங்களுக்கு இருப்பார். "இன்று என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலு டிக்கெட் முடித்தேன்" என்பார். ரயில் டிக்கெட் அல்ல, சினிமா டிக்கெட்டும் அல்ல. ஒரு வேலையைக் குறிக்கும் சீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். சாஃப்ட்வேரில் கோளாறா, புதிய வசதி வேண்டுமா, புதிதாகச் சேர்ந்தவருக்கு லேப்டாப் தர வேண்டுமா, எதற்கும் ஒரு டிக்கெட் எழுத வேண்டும். எழுதப்படாத வேலை அங்கே நடக்காத வேலை.

இந்த டிக்கெட்டுகளைக் கட்டி மேய்ப்பதற்கென்றே சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. மொசில்லா திட்டத்துக்காக 1998இல் வந்த பக்ஸில்லா முன்னோடிகளில் ஒன்று. 2002இல் சிட்னியில் தொடங்கப்பட்ட அட்லாஸியன் நிறுவனத்தின் ஜிரா இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. காட்ஸில்லா என்ற சினிமா மிருகத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் கோஜிரா. அதன் தலையை வெட்டி எடுத்த பெயர்தான் ஜிரா. பக்ஸில்லாவைப் பார்த்து வந்த குறும்பு அது. இவை இரண்டும் முதலில் கோளாறுகளைக் குறித்துவைக்கப் பிறந்தவை. பிறகுதான் எல்லா வேலைகளும் அவற்றுக்குள் வந்து குடியேறின. சிக்கலும் கூடவே வந்தது.

கோளாறுக்கான படிவம் டாக்டரைப்போலக் கேள்வி கேட்கும். எந்தப் பதிப்பு? எந்த பிரவுசர்? என்ன செய்தபோது நேர்ந்தது? என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது? எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் புதிய வசதி கேட்பவரிடம் 'எத்தனை முறை நேர்ந்தது?' என்றால் அவர் என்ன சொல்வார்? அவரிடம் கேட்க வேண்டியது வேறு: யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும், எதைச் செய்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது? லேப்டாப் கேட்பவரிடம் தேதியும் மேலதிகாரியின் ஒப்புதலும் போதும்.

சில காலம் நான் ஒரு சாஃப்ட்வேரின் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கிக் கொடுத்தேன். தவறான சொல் ஒன்றைத் திருத்தச் சொல்லவும் டிக்கெட்தான் எழுத வேண்டும். எந்த பிரவுசர் என்று படிவம் கேட்டது. கட்டாயம் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். தமிழ்ச் சொல் எந்த பிரவுசரிலும் தவறுதான். ஆனால் எனக்கு அவசியமாக இருந்த விவரங்களுக்குக் கட்டமே இல்லை. அந்தச் சொல் எந்தத் திரையில் வருகிறது? பொத்தான்மேல் வருகிறதா, எச்சரிக்கையில் வருகிறதா? எத்தனை எழுத்துக்கு இடம் உண்டு? 'ஓப்பன்' என்ற ஒரு சொல்லைப் பொத்தானில் 'திற' என்றும், டிக்கெட்டின் நிலையைச் சொல்லுமிடத்தில் 'முடியாதது' என்றும் எழுத வேண்டும். இடம் தெரியாமல் மொழிபெயர்ப்பவன் குருடன் யானையைத் தடவுவதுபோலத்தான்.

பொருந்தாத கேள்வியைக் கட்டாயமாக்கினால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அரசாங்க அலுவலகத்துக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு கோடு போடுவார்கள். ஒரு புள்ளி வைப்பார்கள். பட்டியல் இருந்தால் அதில் முதலில் நிற்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து மேலாளர் இந்தக் கட்டங்களைக் கூட்டிக் கழித்து வரைபடம் போடுவார். பட்டியலில் முதலில் இருந்த பிரவுசரில்தான் கோளாறு அதிகம் என்று அது காட்டும். அதை நம்பி ஆட்களை அந்தப் பக்கம் திருப்புவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு பொய் சொல்லவில்லை. படிவம் சொல்ல வைத்தது.

வகைக்கு ஏற்பக் கேள்வி மாற வேண்டும் என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. வினைச்சொல் காலம் காட்டும், வேற்றுமை ஏற்காது. வினை என்றால் அதைச் செய்தவர் யார், எந்தக் கருவியால், எந்த இடத்தில், எப்போது, எதை என்றெல்லாம் ஆறு செய்திகள் அதிலிருந்து கிடைக்க வேண்டும் என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. நல்ல டிக்கெட்டுக்கான படிவம் கிட்டத்தட்ட அதுதான். பெயருக்கு அது வேறு பட்டியல் வைத்திருக்கிறது.

இந்த சாஃப்ட்வேர்களிலும் அதற்கு வழி உண்டு. 2006இல் வந்த ரெட்மைனில் டிக்கெட் வகைக்கு 'டிராக்கர்' என்று பெயர். எந்த டிராக்கருக்கு எந்தக் கட்டங்கள் என்று நிர்வாகி குறித்துவிடலாம். ஜிராவில் படிகள் அதிகம். கட்டங்களைச் சேர்த்து ஒரு ஸ்கிரீன். டிக்கெட்டைப் புதிதாக எழுதும்போது எந்த ஸ்கிரீன், திருத்தும்போது எது, பார்க்கும்போது எது என்று ஓர் ஏற்பாடு. எந்த வகை டிக்கெட்டுக்கு எந்த ஏற்பாடு என்று அதற்கு மேல் இன்னோர் ஏற்பாடு. எந்தக் கட்டம் கட்டாயம் என்பதையோ பழைய முறையில் முற்றிலும் வேறோர் இடத்தில் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேடிக்கைதான்: ஒரு கட்டம் கட்டாயம், ஆனால் அது திரையில் இல்லை. எழுதுகிறவர் எதை நிரப்புவது என்று தெரியாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்.

அப்படியானால் வகைகளைப் பெருக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. வருமான வரித் துறையின் அனுபவம் இதற்குப் பாடம். 1990களின் இறுதியில் 'சரள்' என்று ஒரு பக்கப் படிவம் இருந்தது. 2007இல் வருமானத்தின் வகைக்கேற்ப எண்ணிட்ட படிவங்கள் வந்தன. சம்பளக்காரரிடம் வியாபாரக் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் எனக்கு எந்தப் படிவம் என்ற புதுக் கேள்வி பிறந்தது. தவறான படிவத்தில் கணக்குக் கொடுத்தால் குறையுள்ளது என்று நோட்டீஸ் வரும். டிக்கெட்டிலும் நாற்பது வகை வைத்தால், எழுதுகிறவர் தமக்குப் பழகிய ஒன்றிலேயே எல்லாவற்றையும் போடுவார். கேள்விகள் மாறினால் மட்டுமே புது வகை வேண்டும். துறை மட்டும் மாறினால் ஒரே வகைக்குள் ஒரு கட்டம் போதும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். கோளாறு எதனால் வந்தது என்று அதை முதலில் பார்த்தவரிடம் கேட்பதில் பயனில்லை. சரிசெய்தவருக்குத்தான் அது தெரியும். ரெட்மைனில் டிக்கெட்டின் நிலையைப் பொறுத்தும், நிரப்புகிறவர் யார் என்பதைப் பொறுத்தும் ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கலாம். டிக்கெட்டை மூடும்போது காரணத்தைக் கேட்டால் உண்மையான பதில் வரும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவர் பெயரையும் கேட்டுவந்தார்கள். தனியாகப் பிள்ளை வளர்த்த தாய்மார்கள் அந்த ஒரு கட்டத்துக்காக அலைந்தார்கள். 2016 டிசம்பரில்தான் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. அவர்கள் வாழ்க்கையில் குறை எதுவும் இல்லை. எல்லாக் குடும்பமும் ஒரே வகை என்று படிவம் எழுதியவர் நினைத்ததுதான் குறை.

படிவம் எழுதும் வேலை உங்கள் கைக்கு வந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பதிலை யார் படிக்கப்போகிறார்கள்? படித்து என்ன செய்யப்போகிறார்கள்? பதில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால் சிவப்பு நட்சத்திரத்தையாவது எடுங்கள். காலியாக விடப்பட்ட கட்டம் 'இது எனக்குப் பொருந்தவில்லை' என்று உண்மையைச் சொல்லும். அதில் வைத்த புள்ளி எதையும் சொல்லாது.