தையல் பிரிக்கும் நாள் வரை

வளர்ப்புப் பிராணிகளின் அவசர அறுவை சிகிச்சைக்கு ‘அனைத்தும் உட்பட’ என்று ஒரே கட்டணம் அறிவிக்கும் வழக்கம் பிரிட்டனில் இருக்கிறது. அந்தக் கட்டணம் எதையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதை மருத்துவமனையே முடிவு செய்துகொள்கிறது. பிராணி உள்ளே வந்த நேரம் முதல் தையல் பிரிக்கும் நாள் வரை ஆகும் செலவு அதில் அடங்காவிட்டால், அப்படி விளம்பரம் செய்ய அனுமதிக்கக் கூடாது.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோயை எடுத்துக்கொள்ளலாம். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய் அது. கத்தி வைப்பதற்கு முன்பே ரத்த நாளம் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும்; குழாயோ ஊசியோ செலுத்தி வயிற்றிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்; எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, இசிஜி தேவை. அறுவையின்போது முறுக்கைப் பிரித்து, அழுகிய பகுதி இருந்தால் அகற்றி, மண்ணீரல் கெட்டிருந்தால் அதையும் எடுத்து, இரைப்பை மீண்டும் சுழலாதபடி அதை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கிறார்கள். கடைசியில் சொன்ன இந்தத் தையலைக் கூடுதல் செலவாகக் காட்டும் கட்டணத்தில் பொருளே இல்லை. அது இல்லையென்றால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். அறுவை முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். ஆகவே இரவு பகல் கண்காணிப்பு, வலி மருந்து, படுக்கைக் கட்டணம் எல்லாம் சிகிச்சையிலேயே சேர்ந்தவை. புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புப் பட்டை, மறுபரிசோதனை, 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பது ஆகியவற்றுக்கும் தனி பில் வரக் கூடாது. கால்நடை மருத்துவச் சேவைக்கு பிரிட்டனில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. அறிவிக்கும் தொகை வரியும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

பெரிய ஓட்டை இரவுக்கும் பகலுக்கும் நடுவில் இருக்கிறது. 24 மணி நேரமும் அவசர முதலுதவியும் வலி நிவாரணமும் கிடைக்கச் செய்வது அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் தொழில்நெறிக் கடமை. பல மருத்துவமனைகள் அதை இரவுநேர நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இரவில் அறுவை முடிந்த நாய் காலையில் வழக்கமான மருத்துவமனைக்கு மாறும்போது இரண்டாவது கணக்கு தொடங்கினால், முதல் கட்டணத்தை ‘அனைத்தும் உட்பட’ என்று சொல்வதில் நியாயமில்லை. இரண்டு மருத்துவமனைகளும் தொகையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளட்டும். வளர்ப்பவருக்கு ஒரே பில்தான் வர வேண்டும்.

சிக்கல் நேர்ந்தால் யார் ஏற்பது? நாய் விழுங்கிய பொருளை எடுக்கக் குடலை வெட்டித் தைத்தால், சில நாள் கழித்து அந்தத் தையல் கசியலாம். கசிந்தால் மீண்டும் வயிற்றைத் திறந்தாக வேண்டும். முதல் அறுவையின் நேரடி விளைவான இதுவும் கட்டணத்துக்குள் வர வேண்டும். வேறு நோய் வெளிப்பட்டால் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமே. அது எவ்வளவு என்பதை முன்பே அச்சிட்டிருந்தால் போதும். வயிற்றைத் திறந்த பிறகு பிழைக்காது என்று தெரிந்து, மயக்கத்திலேயே பிராணியின் உயிரை முடிக்க நேரும் கொடுமையான நிலையும் உண்டு. நடக்காத பராமரிப்புக்கான பகுதியை அப்போது கழித்தே தீர வேண்டும். துக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டுப் பெற வேண்டிய நிலை வரக் கூடாது.

ஒவ்வொரு பிராணியும் வேறு, முன்கூட்டியே தொகை சொல்ல முடியாது என்பது மருத்துவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது; இரவுப் பணியாளர்களுக்கு ஆகும் செலவும் உண்மையானதே. ஆனால் கருப்பையில் சீழ், குடலடைப்பு, பிரசவச் சிக்கல் போன்றவை திரும்பத் திரும்ப வரும் அறுவைகள். எடைக்கும் நோயின் தீவிரத்துக்கும் ஏற்ப இரண்டு மூன்று படிநிலைகள் வைத்துச் சராசரி காண்பது இயலாத காரியம் அல்ல. நிலையான தொகை இருந்தால் பரிசோதனையைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. செய்தவை அனைத்தையும் வரிசையிட்ட சிகிச்சைக் குறிப்பை பில்லோடு தருவது அந்த அச்சத்தைப் பெருமளவு தீர்க்கும்.

பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2025 அக்டோபரில் வெளியிட்ட தற்காலிக முடிவு, 2016க்கும் 2023க்கும் இடையே கால்நடை மருத்துவக் கட்டணம் 63 சதவீதம் உயர்ந்ததாகக் கூறியது. விலைப்பட்டியலை வெளியிடவும், 500 பவுண்டுக்கு மேற்பட்ட சிகிச்சைக்கு எழுத்தில் மதிப்பீடு தரவும் வேண்டுமென்று அது முன்மொழிந்தது. நள்ளிரவில் மதிப்பீடு எழுத நேரமில்லை என்பதற்காக அவசர சிகிச்சையை இதிலிருந்து ஒதுக்கக் கூடாது. முன்பே அச்சிட்ட ஒரே கட்டணம் அந்த நேரத்துக்கென்றே அமைந்தது. 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டம் தனி மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. மருத்துவமனையை நடத்தும் நிறுவனத்தை அல்ல. கட்டணத்தை வாக்களிப்பதோ நிறுவனம். அந்த வாக்குக்கு நிறுவனமே பொறுப்பேற்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, எது அடங்கும், எது அடங்காது என்ற பட்டியலை வரவேற்பு மேசையிலும் தொலைபேசியிலும், ஒப்புதல் கையெழுத்து வாங்கும் முன்பே மருத்துவமனைகள் சொல்லியாக வேண்டும்.