எழுதி வைக்காதவர்களின் மையவாடி

"இரட்டைப் புளியிலிருந்து கிழக்கே நாற்பது எட்டு. அங்கதான் உம்மா இருக்கிறா."

எங்கள் குடும்ப மையவாடிக்கு இருந்த ஒரே ஆவணம் வாப்பாவின் இந்த ஒரு வசனம்தான்.

முசலிப் பிரதேசத்தில் எங்களுக்கிருந்த வயற்காணியின் மேட்டுப்புறத்தில் ஏழெட்டுக் கபுர்கள் இருந்தன. மாரியில் பள்ளிவாசல் மையவாடிக்குப் போகும் பாதை வெள்ளத்தில் மூழ்கிவிட்டால் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? காணிக்குள்ளேயே அடக்கினார்கள். வாப்பாவின் உம்மாவையும் அப்படித்தான் அடக்கினார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. உயிரோடிருந்தவர்கள் புத்தளம் வந்து சேர்ந்தோம். மௌத்தானவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்த பின்னர் வாப்பாவும் மாமாவும் நானும் கத்திகளோடு போனோம். வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாதபடி பத்தொன்பது வருடத்துக் காடு வளர்ந்து நின்றது. இரட்டைப் புளியில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. விழுந்த மரம் எந்தப் பக்கம் நின்றது என்பதில் வாப்பாவுக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். நாற்பது எட்டு என்றால் யாருடைய எட்டு? பற்றைக்குள் இரண்டு கற்கள் அகப்பட்டன. அவை மீஸான் கற்களா, எல்லைக் கற்களா? இருவராலும் சொல்ல முடியவில்லை. எந்தப் பக்கம் பார்த்து ஸலாம் சொல்வது என்று தெரியாமல் வாப்பா நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உம்மாவுக்குப் பக்கத்தில் தன்னை அடக்க வேண்டும் என்பதே அவரது ஆசை. இன்று அவர் புத்தளத்து மண்ணில் இருக்கிறார்.

அனுதாபம் தேடி இதை எழுதவில்லை. ஒரு சண்டைக்காகவே எழுதுகிறேன்.

எங்களைத் துரத்தியவர்களின் குற்றத்தை எந்த நியாயமும் கழுவாது. அதன் பின்னர் வந்த வர்த்தமானிகளையும் மறப்பதற்கில்லை. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளும் 2017இல் மாவில்லுவும் பாதுகாக்கப்பட்ட வனங்களாகப் பிரகடனமாகின. துரத்தப்பட்ட மக்களின் ஊர்களில் வளர்ந்த காட்டைக் காட்டி, அந்த மக்களையே காடழிப்போர் என்று தலைநகரத்து ஊடகங்கள் எழுதின. இவை பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்னும் பேச வேண்டும்.

ஆனால் ஒரு கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அலுவலகமொன்றில் மேசைக்கு அப்பால் இருந்தவர் என்னிடம் கேட்டார்: "அங்கே மையவாடி இருந்ததற்கு என்ன ஆதாரம்?" அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. இன்று யோசித்துப் பார்த்தால் அந்த ஆத்திரத்தில் பாதியை நம் பக்கமே திருப்ப வேண்டியிருக்கிறது. ஆதாரம் எங்கே? நம் முன்னோர் எழுதவில்லை. அவர்கள் எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று விட்டுவிடலாம். நாம் ஏன் எழுதவில்லை?

உடனே ஒரு பதில் வரும்: "கபுரை அடையாளப்படுத்துவது மார்க்கத்தில் இல்லை. மண்ணோடு மண்ணாகிப் போகட்டும்." இதைச் சொல்லும் சகோதரர்களோடு எனக்கு வழக்குண்டு. கபுரைச் சாந்து பூசிக் கட்டுவதையும் அதன் மீது கட்டடம் எழுப்புவதையும் ரஸூலுல்லாஹ் (ஸல்) தடுத்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) அவர்கள் அடக்கப்பட்டபோது அதே நபியவர்கள் ஒரு கல்லைத் தாமே தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். சகோதரரின் கபுரை அறிந்துகொள்ளவும் தம் குடும்பத்தில் மரணிப்போரை அவரருகே அடக்கவுமே அப்படிச் செய்ததாக அபூதாவூதின் கிரந்தம் அறிவிக்கிறது. குடும்பத்தவரை ஓரிடத்தில் அடக்குவதும் அவ்விடத்தை அடையாளம் வைப்பதும் சுன்னாவிலேயே இருக்க, நம் சோம்பேறித்தனத்துக்குத் தௌஹீத் என்று பெயர் சூட்டலாமா?

அடுத்து, பள்ளிவாசல் நிருவாகிகள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த பள்ளிவாசலில் கணக்குக் கொப்பி இருக்கிறது. யார் எவ்வளவு சந்தா தந்தார், கம்பளத்துக்கு எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரை எங்கே அடக்கினோம் என்று எழுதிய கபுர்க் கொப்பி எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? மரணச் சான்றிதழில் அடக்கிய இடத்தையும் எழுதுகிறார்கள். அதில் "முஸ்லிம் மையவாடி" என்ற இரண்டு சொற்களோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. எந்த ஊர், எந்தக் காணி, எந்த மூலை?

மூன்றாவதாக, நாம். இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களைத்தான் சொல்கிறேன். வெளியேற்றம் பற்றி எத்தனை கவிதைகள், எத்தனை கதைகள்! நானும் எழுதியிருக்கிறேன். அவற்றில் பிறந்த மண்ணின் வாசம் உண்டு, கண்ணீர் உண்டு. எந்தக் குளத்துக்கு எந்தத் திசையில் எந்த மேட்டில் யார் அடக்கப்பட்டார் என்ற ஒரு வரி உண்டா? ஏக்கத்தை எழுதினோம்; இடத்தை எழுதவில்லை.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதை ஓட்டமாவடி காட்டியது. கொரோனாக் காலத்தில் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2020 ஏப்ரல் வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது திருத்தப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி முதல் மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். கபுர்களுக்கு இலக்கமிட்டார்கள். தூரத்து ஊரிலிருந்து வரும் பிள்ளை அந்த இலக்கத்தைத் தேடிப் போய்த் தன் வாப்பாவின் தலைமாட்டில் நிற்கிறான். அடக்குவதற்கான உரிமையை ஒரு வருடம் போராடிப் பெற்ற சமூகம், அடக்கிய இடத்தைக் காப்பதற்கு ஒரு கொப்பி வாங்கத் தயங்குவது வெட்கமில்லையா?

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கபுர்க் கொப்பி வேண்டும்: பெயர், திகதி, வரிசை, எல்லையிலிருந்து எத்தனை அடி. அதன் பிரதியொன்று பள்ளிக்கு வெளியே இன்னோரிடத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் பள்ளியும் 1990இல் எங்களோடு வரவில்லை. கைவிடப்பட்ட காணிகளிலுள்ள கபுர்களை, அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் உயிரோடிருக்கும்போதே போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உயர்தர மாணவனின் கைத்தொலைபேசியே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் காட்டுகிறது. அளவு நாடாவுக்கும் கொப்பிக்கும் எந்த அமைச்சரின் சிபாரிசும் தேவையில்லை.

மாமாவுக்கு இப்போது எண்பது வயதாகிறது. கால்கள் தளர்ந்துவிட்டன, ஞாபகம் இன்னும் இருக்கிறது. வருகிற விடுமுறையில் அவரை வானில் ஏற்றிக்கொண்டு போவதாக இருக்கிறேன். மிஞ்சிய புளிக்குக் கீழே கதிரை போட்டு அவரை இருத்தி, அவர் சொல்லச் சொல்ல எழுதப் போகிறேன். அந்த இரண்டு கற்களும் என்ன கற்கள் என்று அப்போதும் தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதையாவது எழுதி, அவை இருக்கும் இடத்தைக் குறித்து வைப்பேன்.

உங்கள் ஊரிலும் அப்படியொரு மாமா இருப்பார். அவரது ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன்னர் அவரிடம் போய்க் கேளுங்கள்.