ஆர்வி வண்டியில் ஏர்கான்: ஒரு பெரிய ஜெனரேட்டரா, இரண்டு சின்னதா?

கலிஃபோர்னியாவில் 2028 மாடல் முதல், எளிதில் தூக்கிச் செல்லும் புதிய ஜெனரேட்டர்கள் புகையே வெளியிடக்கூடாது. மாநிலக் காற்றுவள வாரியம் 2021 டிசம்பரில் எடுத்த முடிவு இது. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்வி வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேட்டரி வச்சிக்கலாமே என்று கேட்பீர்கள். விளக்குக்கும் கைப்பேசிக்கும் தாராளமாகப் போதும். ஏர்கான்தான் வில்லன். ஆர்வி கூரைகளில் பரவலாக இருக்கும் 13,500 பிடியு ஏர்கான், ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். 2 கிலோவாட்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். அதனால்தான் பெட்ரோல் ஜெனரேட்டரை இன்னும் பலரால் விட முடியவில்லை.

அதை வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆர்விக்காரர்களிடம் பிரபலமான ஹோண்டா ஈயூ2200ஐ மாடலைப் பாருங்கள். பெயரில் உள்ள 2,200 வாட் என்பது சிறிது நேரத்துக்கான உச்சம். தொடர்ந்து தருவது 1,800 வாட். 1,500-க்கு 1,800 போதும்தானே? போதாது! கம்ப்ரசர் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஏர்கான் இருமடங்கு மின்சாரம் கேட்கும். பட்டனைத் தட்டினதும் எல்லாம் 'டப்'புனு நின்னுடும். ஏர்கானில் 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' பொருத்தினால் அந்த முதல் இழுப்பு குறையும்.

இன்னொரு வழி, ஒரே மாதிரி இரண்டை இணைப்பது. தொடர் மின்சாரம் 3,600 வாட் ஆகிவிடும். 120 வோல்ட், 30 ஆம்பியர் ஆர்வி இணைப்பு தாங்கும் முழு அளவும் அதேதான். ஒவ்வொன்றும் சுமார் 21 கிலோ, ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிவிடலாம். ஏர்கான் தேவையில்லாத நாளில் ஒன்றை மட்டும் ஓட்டினால் பெட்ரோலும் மிச்சம். ஒரே பெரிய ஜெனரேட்டரைவிட இதுவே மேல் என்பேன்.

ஆனால் எதையும் எதோடும் கோத்துவிட முடியாது. இரண்டின் மின் அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். இன்வெர்ட்டர் வகையில் உள்ள மின்னணுச் சுற்று, பக்கத்து ஜெனரேட்டரைக் கவனித்துத் தன் அலையைச் சரிசெய்துகொள்ளும். பழைய வகைக்கு அது தெரியாது, இணைத்தால் கருகிவிடலாம். ஆக, தயாரிப்பாளர் சொல்லும் மாடல், தயாரிப்பாளரின் இணைப்புக் கம்பி. பிராண்டுகளைக் கலக்க வேண்டாம்.

மலை ஏறினால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஆற்றல் சுமார் 3.5 விழுக்காடு குறையும். 2,600 மீட்டரில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடும். (அந்தக் குளிரில் ஏர்கான் யாருக்கு வேண்டும் என்பது வேறு கதை.) யோசமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே ஜெனரேட்டரை ஓட்டலாம் என்பதையும் கணக்கில் வைங்க.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ஜெனரேட்டர் வெளியிடும் இந்த வாயுவால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இறக்கிறார்கள். இரண்டு ஓடினால் வாயுவும் இருமடங்கு. குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைங்க, புகைபோக்கி எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். முகாமில் இடம் நெருக்கம். உங்கள் வண்டியிலிருந்து 6 மீட்டர் தள்ளினால் அது பக்கத்து வண்டியின் சன்னலுக்குக் கீழே போய் நிற்கலாம். வாடகைக்கு எடுக்கும் ஆர்வியில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று, சாவியை வாங்கும்போதே அமுக்கிப் பாருங்கள்.