முதல் வீடும் முதற் கணக்கும்

விடியுமுன் கத்தியும் வாளியும் ஏந்திப் பால்மரக் காட்டுக்குள் நடந்த தலைமுறைக்குச் சொந்த வீடு எட்டாக் கனியாகவே இருந்தது. வேலை உள்ள வரையில் லயத்து வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறியபோது அந்தக் கொடிய உண்மை தமிழ்ப் பாட்டாளிகளின் தலையில் இடியாய் இறங்கியது. அந்த அவலத்துக்கு மறுமொழியாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணம் திரண்டது. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பள்ளிப் படிப்பு அதிகம் பெறாத அம்மக்கள் ஒரு பாடத்தை மட்டும் ஐயமறக் கற்றிருந்தனர்: நிலம் வாங்க முதலில் பணம் சேர்க்க வேண்டும்.

அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று நேர்மாறான பாடம் போதிக்கப்படுகிறது. ஹோட்டல் மண்டபங்களில், கண்ணைப் பறிக்கும் விளக்கொளியில், கோட்டு அணிந்த ஒருவர் முழங்குகிறார்: கைப்பணம் இன்றியே வீடு வாங்கலாம், முப்பது வயதுக்குள் ஐந்து வீடுகளுக்கு உரிமையாளர் ஆகலாம், கடனை வாடகைக்கு வருபவர் அடைத்துவிடுவார்! இளைஞர்கள் கைதட்டுகின்றனர், நுழைவுக் கட்டணம் செலுத்தியது போதாதென்று அடுத்த வகுப்புக்கும் பெயர் கொடுக்கின்றனர். அந்த மண்டபத்தில் ஆதாயம் உறுதியாகக் கிடைப்பது ஒருவருக்கே. அவர் கட்டணம் வாங்கியவர்.

முழக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்பது நன்று. 300,000 வெள்ளி மதிப்புள்ள ஓர் அடுக்குமாடி வீட்டை ஓர் இளைஞர் வாங்குவதாகக் கொள்க. வங்கி 90 விழுக்காடு, அதாவது 270,000 வெள்ளி கடன் தருகிறது. எஞ்சிய 30,000 வெள்ளி அவருடைய கைப்பணம். உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வெள்ளி வரை 2 விழுக்காடு. ஆக 5,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடாக 1,350 வெள்ளி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசு அவ்வப்போது இவ்வரிகளில் சலுகை அளிப்பதுண்டு. ஆனால் வழக்கறிஞர் கட்டணமும் மதிப்பீட்டுச் செலவும் தப்பாது. கைப்பணம் இன்றி வீடு என்ற சொல் இங்கேயே பொய்த்துப் போகிறது.

மேலும் பார்ப்போர்க்கு மேலும் தெளிவு பிறக்கும். 4 விழுக்காட்டு வட்டியில், 35 ஆண்டுத் தவணையில், மாதம் ஏறத்தாழ 1,195 வெள்ளி செலுத்த வேண்டும். கடன் முடியும் நாளில் வட்டியாக மட்டும் 230,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கும். அவ்வீட்டுக்கு மாத வாடகை 1,100 வெள்ளி என்றும், ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாய்க் கிடக்கும் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு வருவாய் 12,100 வெள்ளி. அதிலிருந்து பராமரிப்புக் கட்டணம் மாதம் 200 வெள்ளி வீதம் 2,400 வெள்ளியும், நிலவரி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு என 1,500 வெள்ளியும் கழிந்தால் மிஞ்சுவது 8,200 வெள்ளி. வங்கிக்குச் செலுத்த வேண்டியதோ 14,340 வெள்ளி! மாதந்தோறும் 510 வெள்ளிக்கு மேல் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொட்டினால்தான் அந்த ‘வருமானம் தரும்’ வீடு கையில் நிற்கும். வட்டி 5 விழுக்காடாக ஏறினால் தவணை 1,363 வெள்ளியாகும். இத்தகைய வீடு ஒன்றே சுமை. ஐந்தைத் தூக்கச் சொல்வது அறிவுரையா, அழிவுரையா?

இந்தப் பள்ளத்தை மறைக்கவே குறுக்கு வழிகள் கற்பிக்கப்படுகின்றன. ஒப்பந்தத்தில் விலையை உயர்த்தி எழுதி, கூடுதல் கடனை வங்கியிடம் பெற்று, மிகுதியைக் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. ஒரே வேளையில் பல வங்கிகளில் விண்ணப்பித்து, ஒன்றின் கடன் மற்றொன்றின் பார்வைக்கு வருமுன் அனைத்தையும் பெற்றுவிடலாம் என்பது மற்றொன்று. முன்னது வங்கியை ஏமாற்றுதல். பின்னது தன்னையே ஏமாற்றிக்கொள்ளுதல். மூன்றாவது வீட்டுக் கடன் முதற்கொண்டு விலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரலாகாது என்று 2010 நவம்பரில் பேங்க் நெகாரா வரம்பு கட்டியது. கட்டி முடியும் வரை மேம்பாட்டாளரே வட்டியைச் சுமக்கும் கவர்ச்சித் திட்டம் 2014ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தால் தடைபட்டது. இத்தடைகள் காரணமின்றி வந்தவை அல்ல. கடனால் ஊதப்பட்ட விலை, கடன் வற்றினால் சுருங்கும்.

விலை ஏறும், விற்று மீளலாம் என்பார் உளர். ஏறிய காலமும் உண்டு. ஏறாமல் ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடக்கும் வீடுகளும் உண்டு. விரைந்து விற்றாலும் நிலச் சொத்து ஆதாய வரி காத்திருக்கிறது. மலேசியக் குடிமகன் வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு அரசுக்குச் சேரும். ஆறாம் ஆண்டு முதல் வரி இல்லை என்பது 2022 முதல் உள்ள நிலை. பொறுமையுள்ளவனுக்கே சட்டமும் துணை நிற்கிறது.

இவையெல்லாம் கேட்டு, வீடே வேண்டாம் என்று அஞ்சி ஒதுங்குவதும் பேதைமை. தீபாவளிக்குப் புதுக் கார், திருமணத்துக்கு ஊர் வியக்கும் விருந்து, பெட்டி நிறைய நகை. ஆனால் ஆயுள் முழுதும் வாடகை வீடு என்று வாழும் குடும்பங்கள் எத்தனை! கடனே கூடாது என்பது இங்கு வாதமன்று. அளவறிந்த கடன் ஏணி. அளவறியாக் கடன் புதைசேறு. ஏணி எது, சேறு எது என்று பிரித்தறியும் திறனே தொடக்கநிலை முதலீட்டாளனுக்கு வேண்டிய முதல் முதல்.

அத்திறன் சில எளிய ஒழுங்குகளால் வரும். முதல் வீடு தான் குடியிருக்கக்கூடிய வீடாக இருத்தல் நன்று. வாடகைக்கு ஆள் வராவிடினும் தலைக்குமேல் கூரை நிற்கும். கைப்பணம் செலுத்திய பின்னும் ஆறு மாதத் தவணைக்குரிய தொகை சேமிப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்காகச் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்க இடமுண்டு. ஆயினும் முதுமைக்குரிய சோற்றை முன்பணமாக்கிச் சூதாடுவது தகாது. தரகர் சொல்லை நம்பாமல் நில அலுவலகத்தில் தேடல் செய்து கிராண்டைப் பார்த்தல் வேண்டும்: நிலம் நிலையுரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது? விற்க மாநில அரசின் இசைவு வேண்டுமா? அடமானம் ஏதும் உண்டா? அடுக்குமாடி எனில், பராமரிப்புக் கட்டணப் பாக்கி எவ்வளவு, மின்தூக்கி ஓடுகிறதா என்பதை மாலை நேரத்தில் நேரில் சென்று காண வேண்டும். புதிய வீடு எனில், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற மேம்பாட்டாளரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வாடகைக்கு விட எண்ணுவோர் இன்னொன்றையும் மனத்தில் இருத்துவது நலம். வாடகை தராதவரை வெளியேற்ற உரிமையாளர் தாமே பூட்டை மாற்றிவிட முடியாது. நீதிமன்ற ஆணை வேண்டும். ஆணை வரும் வரை வங்கி காத்திராது. வாடகையே கடனை அடைக்கும் என்று முழங்கியவர் அந்த மாதங்களில் எந்த மண்டபத்தில் பேசிக்கொண்டிருப்பாரோ!

தவணை தவறிய வீடு ஏலத்துக்குப் போகும். ஏலத்தொகை கடனுக்குப் போதாவிடில், வீட்டை இழந்தவனே மிச்சக் கடனையும் சுமப்பான். அவனுக்குப் பிணை நின்ற தந்தையின் சேமிப்பும் அத்துடன் கரையக்கூடும். லயத்து வீட்டிலிருந்து பிள்ளையைக் கரையேற்ற அந்தத் தந்தை பால்மரத்தடியில் சிந்திய வியர்வை, ஒரு மாலைப் பேச்சுக்கு விலையாகலாமா?

பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு வீடு வாங்கும் ஆற்றல் இல்லாமலில்லை. அவர்கள் கைதட்டுமுன் கணக்கெழுதக் கற்கட்டும். ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் ஓர் இரவும் போதும். அந்தக் கணக்கு மறுக்கும் வீட்டை எந்த மேடை புகழ்ந்தாலும் தொடாதிருக்கட்டும். கணக்கு ஒப்பிய வீடு சிறிதாயினும், அதன் திறவுகோல் அவர்கள் கையை விட்டுப் போகாது.