வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான்

நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஞானம் போதாது என்று ஓர் அபிப்பிராயம் வெகு நாளாக உலவி வருகிறது. பேரன் சொல்கிறான்; வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெண் சொல்கிறாள்; பத்திரிகைகளில் யோசனை வழங்கும் நிபுணர்களும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பெரியவர்களே நம்பிவிட்டார்கள். “எனக்கு இதெல்லாம் வராதப்பா” என்று கைப்பேசியைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுகிறார்கள்.

நான் இதை ஒப்புக்கொள்வதாக இல்லை. முப்பது வருஷம் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து, ஒரு பைசா வித்தியாசத்துக்காக இரவு எட்டு மணி வரை பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யத் தெரியவில்லையென்றால், கோளாறு விண்ணப்பத்தில் இருக்கிறது. மனிதரிடம் இல்லை.

இணையதளம் என்பது வேறொன்றுமில்லை, ஒரு கவுண்ட்டர். மின்சாரக் கட்டணம், சொத்து வரி, ரயில் டிக்கெட், டாக்டரைப் பார்க்க முன்பதிவு எல்லாவற்றுக்கும் அங்கேதான் போய் நிற்கிறோம். பழைய கவுண்ட்டரில் குமாஸ்தா சிடுசிடுத்தாலும் “இந்த இடத்தில் என்ன எழுதணும் ஸார்?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். புதிய கவுண்ட்டர் பேசாது. ஆகவே கேட்க அவசியம் இல்லாதபடி அது அமைந்திருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கிறது?

முதலில் வியாபாரத் தளங்களைப் பார்ப்போம். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய் விற்கும் அம்மாளும் நாம் கேட்காத ஒன்றைப் பையில் போடுவதுண்டு: ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதற்குக் காசு கிடையாது. கத்தரிக்காய் கேட்டவர் பையில் அரைக் கிலோ சேனையையும் தள்ளிக் காசு கேட்டால் வீதியே கூடிவிடும். ஆனால் பயணச் சீட்டு வாங்கப் போன இடத்தில் இன்ஷூரன்ஸ் கட்டத்தில் முன்கூட்டியே ஒரு ‘டிக்’ விழுந்திருக்கிறது. யார் போட்டது? நான் போடவில்லை. கடைசிப் பக்கத்தில், கூட்டுத் தொகையைப் பார்த்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது. படாமலே போகிறவர்கள் எத்தனை பேரோ!

தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் “போனா வராது, பொழுது போனா கிடைக்காது” என்று ஒருவன் கூவுகிறான். அவன் முகம் நமக்குத் தெரிகிறது. நாளைக்கும் அங்கேதான் நிற்பான் என்பதும் தெரிகிறது. அவனும் சிரிக்கிறான், நாமும் சிரிக்கிறோம். தளத்திலோ “இன்னும் 2 தான் மீதி”, “இந்த நிமிஷம் 14 பேர் பார்க்கிறார்கள்” என்று சிவப்பு எழுத்து மினுக்குகிறது. பக்கத்தில் விநாடிக் கடிகாரம் வேறு ஓடுகிறது. சிரிக்க முகம் எங்கே? எழுபது வயதுக்காரரின் நெஞ்சு படபடக்கிறது, அவ்வளவுதான். ‘சரி’ என்ற பொத்தான் பூசணிக்காய் அளவில் இருக்கிறது. ‘வேண்டாம்’ என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. தேடிப் பிடித்தாலும் “வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இல்லை” என்று நம் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள். இதைவிடத் திண்ணையில் உட்கார்த்தி வைத்துத் திட்டலாம்.

இந்தச் சாமர்த்தியங்களுக்கு ‘டார்க் பாட்டர்ன்’ என்று 2010-இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேயர். நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய் அவசரம், கூடைக்குள் திணிப்பது, வெட்கப்படுத்திச் சம்மதம் வாங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. “வியாபாரம் என்றால் அப்படி இப்படித்தான்” என்று சமாதானம் சொல்லும் நண்பர்கள் அதை ஒரு முறை வாசிக்கலாம்.

பணம் பறிக்கும் நோக்கம் இல்லாத இடங்களாவது ஒழுங்காக இருக்கின்றனவா? வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து, நாகரிகமாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று 2008-லேயே உலகத்துக்கெல்லாம் பொதுவாக விதி வகுத்தாகிவிட்டது. புரை விழுந்த கண்ணுக்கு அந்த விகிதம்தான் ஊன்றுகோல். பன்னிரண்டு கட்டங்களை நிரப்பிய பிறகு பதின்மூன்றாவதில் ஒரு பிழை. உடனே பன்னிரண்டும் துடைத்து வெறுமையாகிவிடுகின்றன. கோணல் மாணலான எழுத்துகளைக் காட்டி, “நீ மனிதன்தான் என்று நிரூபி” என்கிறார்கள். பார்வையற்றவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

இனித் தமிழ் விஷயம். சென்னையிலிருந்தே நடக்கும் ஒரு தளத்தில் சென்ற வருஷம் என் பெயரைத் தமிழில் எழுதினேன். “செல்லாத எழுத்துகள்” என்று பதில் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில். அதே பக்கத்தின் உச்சியில் தமிழில் ‘வணக்கம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் அது எழுத்தல்ல, படம். வாசலில் கோலத்தைப் போட்டுக் கதவைத் தாழிட்ட வீடு!

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அது நம் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் தலையங்கம் மந்திரவாதியின் தகடு மாதிரி தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடி ஒழுங்கு செய்ய முயன்றது. பிறகு யூனிகோட் பரவியது; 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறமும் தமிழ் எழுத்து செல்லாது என்றால் அது சோம்பலைத் தவிர வேறென்ன?

ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லாமலில்லை. சுவிட்சர்லாந்தில் வசித்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள அன்பர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். அவர் உருவாக்கிய எழுத்துருவின் பெயர் ‘மயிலை’ என்பதில் நம் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிற்பாடு நூல்கள் யூனிகோடுக்கும் வந்தன. அலங்காரம் மிகக் குறைவு. ஆடும் படமில்லை, ஓடும் வரியில்லை. பெயரைத் தொட்டால் நூல் திறக்கிறது. மட்டமான போனிலும் திறக்கிறது. “ரொம்பப் பழைய பாணி ஸார்” என்றார் ஓர் இளம் வடிவமைப்பாளர். இருக்கட்டுமே, பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலமாக்கினார்களே, அதுவும் நடப்பவனை நினைத்துச் செய்த காரியம்தான். அதைப் பழைய பாணி என்று யாரும் சொல்லக் காணோம்.

இதெல்லாம் ரசனையைப் பற்றிய சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆசிட் வீச்சில் கண்ணிமைகள் கெட்டுப்போன பெண் ஒருத்தி வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது, உயிரோடிருக்கும் ஆள்தான் என்பதற்கு அடையாளமாகக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்களாம். அவரைப் போன்றவர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்து, 20 கட்டளைகளும் இட்டது. சிமிட்டலைக் கேட்கும் அந்தப் பக்கத்தை வரைந்தவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தன்னைப் போன்ற கண்கள்தான் உலகில் உண்டு என்று நினைத்திருப்பார்.

தளம் வரையும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து பேரை உட்கார்த்தி வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போங்கள். பெஞ்சில் இருக்கும் பெரியவரிடம் உங்கள் தளத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா இருங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள், விரல் நீட்டாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே “எனக்கு வராதப்பா” என்று திருப்பித் தருகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குப் போனால் ஐந்து பேரென்ன, ஐம்பது பேர் கிடைப்பார்கள்.