கடைக்குத் திரும்பும் முதலாளிக்கு ஒரு கழிப்பறை வேண்டும்

வியாபாரியிடம் சுகம் விசாரித்தால் வரும் பதில் ஒன்றுதான். "அல்ஹம்துலில்லாஹ், ஓடுது." ஓடுவது வியாபாரமா உடம்பா என்று அந்தப் பதிலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு வருடத்துக்கும் மேலாக எனக்கு இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மலக்குடலில் புற்றுநோய் கண்டு, கதிர்ச் சிகிச்சை எடுத்து, சத்திரசிகிச்சை செய்து, சில மாதங்கள் வயிற்றில் பையோடு இருந்து, பின்னர் அந்தப் பையும் அகற்றப்பட்டு அவர் கடைக்குத் திரும்பியிருந்தார். அது அவரது மனைவிக்கும் மூத்த மகனுக்கும் மட்டுமே தெரியும். ஊருக்குச் சொல்லப்பட்டது "குடலில் ஒரு சின்ன ஒப்பரேஷன்" என்பதுதான்.

ஒருநாள் அவரே மனம் திறந்தார். "நோய் போய்விட்டது என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்துவிட்டு நிற்க என்னால் முடியவில்லை. கடைக்குள் கக்கூசும் இல்லை. பள்ளிவாசலுக்கு ஓடுகிறேன், போய்ச் சேருமுன்..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பெயர் போடாமல் இதை எழுதும்படி சொன்னதும் அவர்தான்.

வியாபாரப் பக்கத்தில் இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். முதலாளியின் உடம்புதான் சிறிய கடையின் முதலாவது மூலதனம். அந்த மூலதனத்துக்கு வந்த சேதத்தைப் பற்றி எழுதாமல் விற்பனை வரியைப் பற்றி எழுதி என்ன பயன்?

சிகிச்சைக்குப் பின் நடப்பது

மலக்குடல் செய்வது களஞ்சியத்தின் வேலை. வரும் சரக்கைத் தேக்கிவைத்து, வசதியான நேரத்தில் வெளியே அனுப்புகிறது. புற்றுநோய்க்காக அதை வெட்டியெடுத்துவிட்டு, மேலே உள்ள குடலைக் கீழே இணைக்கிறார்கள். அதன் பிறகு களஞ்சியம் இல்லாத கடையின் நிலைதான். லொறி வந்த மாத்திரத்தில் சரக்கைத் தெருவிலேயே இறக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்து தடவை போக வேண்டிவரும். அடக்கிக்கொள்ள அவகாசம் இருக்காது. வருவது காற்றா மலமா என்பது கூடச் சில வேளை தெரியாது. வைத்தியர்கள் இதை 'லார்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. நோய் திரும்பி வந்ததற்கோ ஒப்பரேஷன் பிழைத்ததற்கோ இது அடையாளமல்ல. முதல் ஓரிரு வருடங்களில் படிப்படியாகக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும்.

கட்டி மிகக் கீழே இருந்தால் ஆசனவாயையும் எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக ஒரு திறப்பு வைத்துப் பை மாட்டுவார்கள். சிலருக்கு இணைத்த இடம் ஆறும்வரை தற்காலிகமாகப் பை இருக்கும். கீமோதெரபி எடுத்தவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. ஒக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும், குளிரைத் தொட்டால் ஊசி குத்தும். குளிர்பானப் பெட்டியைத் திறக்கவும் நோட்டு எண்ணவும் தடுமாறும் கடைக்காரரைப் பார்த்து "வயசாகிவிட்டது" என்று சிரிக்கிறோம். வயதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்?

முன்பு வடக்கில் இந்த நோய் வந்தால் மஹரகமைக்கு ஓட வேண்டும். பாதை மூடிய காலங்களில் அதுவும் கைகூடவில்லை. 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் முன்னின்று தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள், 670 கிலோமீற்றர் நடைபயணம் நடத்தினார்கள். எல்லா இனத்தவரும் கூட நடந்து, பணம் கொடுத்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2013இல் அது திறக்கப்பட்டது. இன்று யாழ். நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் போனால் போதும். சிகிச்சை பக்கத்தில் வந்தால் பிழைத்துத் திரும்புகிறவர்களும் கூடுவார்கள். அவர்கள் திரும்பி வருவது நமது கடைகளுக்குத்தான். அங்கே அவர்களுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது?

ஏன் மறைக்கிறார்கள்?

வெட்கம் ஒரு காரணம். ஆனால் வியாபாரிக்கு அதைவிடப் பெரிய காரணம் கடன். நமது கடைகளில் பாதிச் சரக்கு கொழும்பு மொத்த வியாபாரியின் நம்பிக்கையில் வந்து இறங்குகிறது. "அவருக்கு கேன்சராம்" என்ற செய்தி புறக்கோட்டைக்குப் போனால் அடுத்த லொறி வராது, பழைய பாக்கியைக் கேட்டுத் தொலைபேசி வரும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன்.

யாழ்ப்பாண முஸ்லிம் வியாபாரிக்கு இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறியவர்கள் நாம். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவனுக்கு இரண்டாவது முறையும் இழக்க நேருமோ என்ற பயம் இரத்தத்திலேயே இருக்கும். அத்தோடு இன்றும் பலருடைய குடும்பம் புத்தளத்தில், கடை யாழ்ப்பாணத்தில். கடைக்குப் பின்னால் ஒரு பாயை விரித்துத் தனியே படுக்கும் மனிதருக்குப் பை மாற்ற யார் உதவுவது? இரவில் உடுப்பு அழுக்கானால் யாரைக் கூப்பிடுவது?

ஆனாலும் மறைப்பதால் வரும் நட்டமே பெரிது என்பது எனது கருத்து. நாம் சொன்ன கடைக்காரர் காரணம் சொல்லாமல் காலை நேரங்களில் கடையைப் பூட்டினார். வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஊழியர்கள் அவரைச் சோம்பேறி என்று நினைத்தார்கள். கடைசியில் மொத்த வியாபாரியிடம் நேரில் போய், "நோய் இது, சிகிச்சை முடிந்தது, மகன் கடையில் நிற்கிறான், இன்ன திகதியில் இன்ன தொகை தருவேன்" என்று சொன்னார். தவணை நீடித்துக் கிடைத்தது. எல்லா மொத்த வியாபாரியும் அப்படி நடப்பார் என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது. ஆனால் வதந்தியாகக் கேள்விப்படுவதைவிடக் கணக்கோடு நேரில் கேட்பது மேல்.

கடையை உடம்புக்கேற்ப மாற்றுங்கள்

முதலாவது, கழிப்பறை. பெரியகடைப் பக்கத்திலும் ஸ்ரான்லி வீதியிலும் நமது பழைய கடைகளை எண்ணிப் பாருங்கள். பெயர்ப்பலகைக்கும் கண்ணாடிக்கும் இலட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். உள்ளே ஒரு கழிப்பறை இல்லாத கடைகள் எத்தனை? இந்த நோயிலிருந்து மீண்டவருக்கு ஐம்பது அடி தூரம் என்பது ஐந்து மைல். இடமில்லாதவர்கள் நான்கு கடைக்காரர் சேர்ந்து பின்புறத்தில் ஒன்று கட்டி, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்ளலாம். வாடகைக் கடையென்றால் கட்டட உரிமையாளரிடமும் மாநகர சபையிடமும் வர்த்தக சங்கம் வழியாகக் கேட்கலாம். தண்ணீர்க் குழாய், மூடியுள்ள வாளி, மாற்றுடுப்புக்கு ஒரு கொளுக்கி இருந்தால் போதும். சலரோக நோயாளிக்கும் கடையில் நிற்கும் பெண் பிள்ளைக்கும் அதே கழிப்பறை பயன்படும்.

இரண்டாவது, நேரம். பலருக்குத் தொல்லை காலையிலும் சாப்பிட்டவுடனும்தான். மகனோ நம்பிக்கையான ஊழியரோ காலையில் திறக்கட்டும், நீங்கள் பத்து மணிக்கு வாருங்கள். என்ன சாப்பிட்டால் எத்தனை தடவை போகிறது என்று இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதினால் உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே விளங்கும். சோறு, இடியப்பம், வாழைப்பழம் பலருக்குக் குடலை நிதானப்படுத்தும். உறைப்பு, எண்ணெய், கோப்பி, கோவா கெடுதல் செய்யலாம். லோபரமைட் போன்ற மாத்திரையும், ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன. வைத்தியரிடம் கேட்டே தொடங்குங்கள். சும்மா வயிற்றோட்டம் என்று நினைத்துப் பாமசியில் வாங்கி விழுங்க வேண்டாம்.

மூன்றாவது, பாரம். சீமெந்துப் பை 50 கிலோ. வயிற்றைத் திறந்து தைத்தவர் அதைத் தூக்கினால் குடல் பிதுங்கும். பை மாட்டியவருக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. "ஆள் வரும்வரை நானே தூக்குகிறேன்" என்ற பழக்கத்தை இன்றே விடுங்கள்.

நான்காவது, பயணம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு போக முடியாது. ரயில் ஓடும் நாட்களில் ரயிலில் போங்கள், அதில் கழிவறை உண்டு. முடியாவிட்டால் கொள்வனவைத் தொலைபேசியில் முடித்து மகனை அனுப்புங்கள்.

பை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பை மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். நிரம்ப விட்டால் கழன்றுவிடும். கடையில் ஒரு மாற்றுப் பை, துடைக்கும் துணி, பொலித்தீன் உறை அடங்கிய சிறு பொதி எப்போதும் இருக்கட்டும். சிறுகுடலில் இருந்து வரும் பையென்றால் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறும். யாழ்ப்பாண வெயிலில் பச்சைத் தண்ணீரும் தேநீரும் மட்டும் குடித்தால் போதாது, ஜீவனி போன்ற உப்புக் கரைசல் வேண்டும். பனங்கிழங்கு, தேங்காய்ப்பூ போன்ற நார்ப் பொருட்கள் அந்தத் திறப்பில் அடைத்துக்கொள்ளலாம், கவனம்.

பள்ளிவாசலுக்கு வருவதை இதற்காக நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்து வெளியேறும் உபாதை உள்ளவருக்கு வுழூவிலும் தொழுகையிலும் மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது. நோன்பிலும் நோயாளிக்குச் சலுகை உண்டு. முதலில் வைத்தியரையும் பின்னர் மௌலவியையும் கேளுங்கள். தானாகவே ஒதுங்க வேண்டாம்.

கணக்கும் கையொப்பமும்

சிகிச்சைக்குப் போகுமுன் செய்ய வேண்டியதை நம்மில் பலர் செய்வதில்லை. கதிர்ச் சிகிச்சை சிலருக்கு ஐந்து வாரங்களுக்கும் மேல், வாரத்தில் ஐந்து நாள் நடக்கும். பின்னர் ஒப்பரேஷன், பின்னர் மருந்து என்று ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடத்துக்கு யார் செக்கில் கையொப்பமிடுவது? பின்திகதியிட்ட செக்குகள் எவை, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள் மட்டும் இருந்தால் கடை அவரோடு சேர்ந்து கட்டிலில் படுத்துவிடும். வங்கியில் இரண்டாவது கையொப்பம் பதியுங்கள். தேவையென்றால் சட்டத்தரணி மூலம் அற்றோணித் தத்துவம் கொடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிய போதனையல்ல.

சிகிச்சை முடிந்த பின்னரும் சுமார் ஐந்து வருடம் கிளினிக் போக வேண்டும். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தல் என்று திகதிகள் வரும். செக் திகதியை மறக்காத நாம் கிளினிக் திகதியை மறக்கலாமா?

ஊழியருக்கு வந்தால்

முதலாளிக்காவது சொந்தக் கடை. சேல்ஸ்மனுக்கு என்ன இருக்கிறது? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி அவருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் உண்டு. அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம் என்றாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஒரு வருடச் சிகிச்சைக்கு 21 நாள் என்ன காணும்? மீதி நாட்கள் முதலாளியின் மனதில் இருக்கின்றன. பாதிச் சம்பளமாவது கொடுத்து, திரும்பி வந்ததும் பாரம் தூக்காத வேலையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பத்து வருடம் பழகிய ஊழியரை இழந்து புதியவரைப் பழக்குவதிலும் நட்டம் உண்டு என்பதைக் கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. மலத்தோடு இரத்தம் வந்தால் "மூலம்தான், நாள் முழுக்கக் கதிரையில் உட்காருவதால் வருகிறது" என்று நாமே தீர்ப்புச் சொல்லி, சுவரொட்டியில் பார்த்த மருந்தைத் தேடுகிறோம். நாம் சொன்ன கடைக்காரரும் எட்டு மாதம் அப்படித்தான் இருந்தார். மூலமாகவே இருக்கலாம். அதை வைத்தியர் விரலால் பரிசோதித்துச் சொல்லட்டும். முன்கூட்டிப் பிடித்திருந்தால் சிகிச்சையும் அதன் பின் வரும் தொல்லையும் குறைந்திருக்கக்கூடும்.

அவர் இப்போது பத்து மணிக்குக் கடைக்கு வருகிறார். பின்புறத்தில் பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரு கழிப்பறை கட்டியிருக்கிறார். சென்ற வாரம் சுகம் விசாரித்தேன். "காலையில் மூன்று தரம், அதற்குப் பிறகு பரவாயில்லை" என்றார். "ஓடுது" என்று சொல்லவில்லை. நமது வர்த்தக சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் பெயர்ப்பலகைக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை இந்தக் கழிப்பறை விடயத்துக்கு ஒதுக்கினால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்ததாக எண்ணுவேன்.